கெட்டி உலோகங்களில் மில்லிங்: கத்தியும் தேயாமல் மெஷினும் தேயாமல் வேகத்தை அமைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், ப்ராஸ்பெக்டன், பைன்டவுன், ஃபீனிக்ஸ் பக்கத்து வொர்க்‌ஷாப்புகளுக்கு மில்ட் ஸ்டீல் மட்டும் வருவதில்லை. சர்க்கரை ஆலை ஷாஃப்டுக்கு இஎன் 24 என்ற அலாய் ஸ்டீல், சுரங்கத்துக்கு 500 பிரினெல் கடினமுள்ள, தேய்மானத்தைத் தாங்கும் தகடு (தேய்மானத் தகடு), கெமிக்கல் பம்புக்கு டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எப்போதாவது டைட்டானியம், இன்கோனல் என்ற நிக்கல் அலாய் என்று எல்லாம் வரும். அவற்றை நடுத்தர அளவு சிஎன்சி மில்லிங் மெஷினில் வெட்டும் ஆபரேட்டர்களுக்காக இந்த வழிகாட்டி. பெரும்பாலானவர்களிடம் இருப்பது பிடி40 டேப்பர் (கட்டர் ஹோல்டர் பொருந்தும் கூம்பு), 7.5 முதல் 11 கிலோவாட் மோட்டார் கொண்ட மெஷின்தான்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். மெஷின் உறுமினால் கை நேராக ஓவர்ரைடு குமிழுக்குப் போகிறது. வேகத்தையும் (முனை உலோகத்தை வெட்டும் வேகம்) ஃபீடையும் (கட்டர் ஜாபுக்குள் முன்னேறும் அளவு) சேர்த்தே குறைத்துவிட்டு, மெஷினைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். கத்தி முனையைத் தேய்ப்பது முக்கியமாக வேகம். மெஷினைத் தேய்ப்பது முக்கியமாகச் சுமை. இரண்டும் வேறு வேறு குமிழ்கள்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. கார்பைடு முனையின் ஆயுள், சாதாரணமாக ஸ்டீலில், வேகத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறைகிறது. வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். பால் பேரிங்கின் ஆயுளோ சுமையின் மூன்றாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். சுற்று இரட்டித்தால் மணிக்கணக்கில் பாதி ஆவதோடு சரி. ஸ்பிண்டில் பேரிங்கும் பால் ஸ்க்ரூவும் அஞ்ச வேண்டியது சுமைக்கும் அதிர்வுக்கும்தான். அதனால் கீழே உள்ள வரிசையில் வேகம் கடைசியில் வருகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மெஷின் மேனுவலில் உள்ள ஸ்பிண்டில் பவர்-டார்க் வரைபடம் (டார்க் என்றால் முறுக்குவிசை). இது இல்லாமல் ஐந்தாம் படியைத் தாண்ட முடியாது. மேனுவல் தொலைந்திருந்தால் மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லி விற்பனையாளரிடம் அந்த ஒரு பக்கத்தையாவது வாங்கி, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

0.001 அல்லது 0.002 மி.மீ காட்டும் லீவர் டயல் கேஜ், மேக்னட் ஸ்டாண்டு, டெஸ்ட் பார், இன்சர்ட் (கட்டரில் மாட்டும், மாற்றக்கூடிய கார்பைடு முனைத் துண்டு) திருகுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவர், 10 மடங்கு லென்ஸ், கூலன்ட் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், ஒரு நோட்டு. லென்ஸும் நோட்டும் இல்லாத கடைகள்தான் அதிகம். இன்சர்ட் ஏன் உடைந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாமல் போவதும் அதனால்தான்.

2. மெஷினின் உடல்நிலையைப் பாருங்கள்

கெட்டி உலோகம் புதிய கோளாறை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே இருக்கும் கோளாறைப் பெரிதாக்குவதே அதிகம். அரை மணி நேரம் ஒதுக்கி நான்கு இடங்களைச் சோதியுங்கள்.

முதலில் டேப்பர். ஹோல்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். டேப்பரில் செம்பழுப்பு நிறத் திட்டுகள் தெரிந்தால், வெட்டும்போது ஹோல்டர் உள்ளே நுண்ணியதாக அசைகிறது என்று அர்த்தம். ஹோல்டரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் டிராபாரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஹோல்டரின் தலையிலுள்ள புல் ஸ்டட் தேய்ந்திருக்கலாம். இழுவிசை அளக்கும் கேஜை வாடகைக்காவது எடுத்து, கிடைத்த எண்ணை மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இழுவிசை குறைந்த ஸ்பிண்டிலில் எந்த வேகம் வைத்தாலும் இன்சர்ட் உதிரும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள டர்பனில், ராத்திரி முழுக்க ஸ்பிண்டிலிலேயே விட்ட ஹோல்டரிலும் துரு பிடிக்கும். அந்தத் துரு துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அசைவால் வந்த திட்டு உலோகத்தில் பதிந்திருக்கும்.

அடுத்தது ஓட்டம், அதாவது சுற்றும்போது மையம் விலகி ஆடும் அளவு. டெஸ்ட் பாரை மாட்டி, ஸ்பிண்டில் மூக்கருகே ஒரு முறை, 300 மி.மீ கீழே ஒரு முறை கையால் சுற்றிப் பாருங்கள். மூக்கருகே 0.005 மி.மீக்குள்ளும் கீழே 0.015 மி.மீக்குள்ளும் இருந்தால் வேலை தொடங்கலாம்.

பிறகு பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது ஸ்க்ரூவில் தெரியும் தளர்ச்சி. டேபிளில் கேஜை வைத்து ஒவ்வொரு அச்சையும் 0.01 மி.மீ படியாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அச்சு திரும்பும்போது 0.02 மி.மீக்கு மேல் இழந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கட்டர் சுற்றும் திசையிலேயே ஜாபை ஊட்டும் கிளைம்ப் மில்லிங்தான் கெட்டி உலோகத்துக்கு ஏற்றது. ஆனால் பேக்லாஷ் உள்ள டேபிளைக் கட்டர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், முனை ஒரே கடியில் போய்விடும். பழைய கைச்சக்கர டரட் மில்லில் வேலை செய்பவர்கள், ஸ்க்ரூவில் பிளே இருக்கும்வரை எதிர்த்திசையில்தான் வெட்ட வேண்டும்.

கடைசியாக வே லூப் ஆயில், அதாவது அச்சுகள் சறுக்கும் தடங்களுக்கான எண்ணெய். டாங்கில் எண்ணெய் இருந்தால் மட்டும் போதாது. வே மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பூச்சு ஒட்டாவிட்டால் லைன் அடைத்திருக்கிறது.

3. உலோகம் எது என்பதோடு, எந்த நிலையில் வந்திருக்கிறது என்பதையும் கேளுங்கள்

இஎன் 24 என்று மட்டும் சொல்லி ஜாப் வரும். சூடேற்றி மென்மையாக்கிய அனீல் நிலையா, கடினப்படுத்திய டி கண்டிஷனா, அதற்கும் மேலா என்பதைப் பொறுத்து வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறும். சர்டிஃபிகேட் கேளுங்கள், இல்லையென்றால் கையடக்க ஹார்ட்னஸ் டெஸ்டரால் மூன்று இடங்களில் அளங்கள்.

கேஸ் அல்லது பிளாஸ்மாவால் வெட்டி வந்த தகட்டின் ஓரம் உள்பகுதியைவிடக் கடினமாக இருக்கும். தேய்மானத் தகடு, இஎன் 19, இஎன் 24 மூன்றிலும் இது உண்டு. ஓரத்தில் 2 முதல் 3 மி.மீ வரை கிரைண்டரால் எடுத்துவிட்டு மெஷினில் ஏற்றுங்கள். முதல் வெட்டின் ஆழம் எப்போதும் தோலுக்குக் கீழே போக வேண்டும். தோலின் மேலேயே உரசிக்கொண்டு போகும் 0.3 மி.மீ வெட்டு, 2 மி.மீ வெட்டைவிட வேகமாக முனையைத் தின்னும்.

316 ஸ்டெயின்லெஸ், டூப்ளெக்ஸ், இன்கோனல், மாங்கனீஸ் ஸ்டீல் நான்கும் வெட்ட வெட்ட இறுகுபவை. முந்தைய பல் விட்டுச் சென்ற இறுகிய படலத்துக்கு அடியில் அடுத்த பல் புகுந்தாக வேண்டும். ஆறாம் படியில் ஃபீடைக் குறைக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

4. ஜாபை இறுக்கிப் பிடியுங்கள், கட்டரைக் குட்டையாக மாட்டுங்கள்

கட்டர் வளையும் அளவு, வெளியே நீட்டிய நீளத்தின் மூன்றாம் படிக்கு ஏற்பக் கூடும். 60 மி.மீ நீட்டம் போதுமான இடத்தில் 80 மி.மீ நீட்டினால் வளைவு 2.4 மடங்கு. அந்த வளைவு சாட்டராக, அதாவது கட்டரின் விடாத அதிர்வாகத் திரும்பி வந்து பேரிங்கைக் குத்தும். புரோகிராம் எழுதும் முன்பே ஆழத்தை அளந்து, தேவைக்கு 3 முதல் 5 மி.மீ மட்டும் கூடுதலாக விட்டு ஹோல்டரில் மாட்டுங்கள்.

சாலிட் கார்பைடு எண்ட் மில்லுக்குச் சாதாரண கோலெட் கடைசித் தேர்வாக இருக்கட்டும். ஹைட்ராலிக் அல்லது ஷ்ரிங்க் ஹோல்டர் இருந்தால் அதில் மாட்டுங்கள். கட்டர் நுனியில் ஓட்டம் 0.01 மி.மீக்குள் இருக்க வேண்டும். ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ ஃபீடில் 0.02 மி.மீ ஓட்டம் இருந்தால், உயர்ந்து நிற்கும் பல் ஏறக்குறைய 0.07 மி.மீ வெட்டுகிறது. 40 சதவீதக் கூடுதல் வேலையைச் செய்யும் அந்தப் பல்தான் முதலில் உடையும். அது உடைந்ததும் அதன் பங்கும் சேர்ந்து அடுத்த பல்லின் மேல் விழும்.

வைஸில் ஜாபின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது தாடைக்குள் இருக்கட்டும். நீளமான தகட்டை இரண்டு முனையில் மட்டும் கிளாம்ப் போட்டுப் பிடித்தால், நடுவில் அது முரசுத் தோல் போல அதிரும். நடுவில் ஒரு ஜாக் கொடுங்கள்.

5. கட்டரின் விட்டத்தை டார்க்கை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

கூடுதல் நேரம் செலவிட வேண்டிய படி இதுதான், கடைகளில் யாரும் செய்யாததும் இதுதான்.

மெஷினில் 7.5 கிலோவாட் என்று எழுதியிருக்கும். அந்தப் பவர் முழுதாகக் கிடைப்பது ஒரு அடிப்படைச் சுற்றுக்கு மேல்தான். உதாரணத்துக்கு அதை 1,500 ஆர்பிஎம் என்று வைப்போம். அதற்குக் கீழே டார்க் மாறாமல் நிற்கும், பவர் சுற்றோடு சேர்ந்து இறங்கும். டார்க்குக்கான கணக்கு: 9,550 × கிலோவாட் ÷ சுற்று. இந்த மெஷினில் அது 9,550 × 7.5 ÷ 1,500, அதாவது சுமார் 48 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் எந்தக் குறைந்த சுற்றிலும் கிடைக்காது.

கெட்டி உலோகத்துக்குக் குறைந்த வேகம் வேண்டும். பெரிய கட்டரில் குறைந்த வேகம் வைத்தால் சுற்று மிகவும் இறங்கிவிடும். இன்கோனல் 718-ஐ நிமிடத்துக்கு 35 மீட்டரில் 63 மி.மீ கட்டரால் வெட்டினால் சுற்று 177. அந்தச் சுற்றில் 7.5 கிலோவாட் மோட்டார் தருவது 0.9 கிலோவாட்கூட இல்லை.

இனி இஎன் 24 டி கண்டிஷனில் ஒரு வேலையை இரண்டு கட்டரால் கணக்கிட்டுப் பாருங்கள். வேகம் இரண்டிலும் 140 மீட்டர், பல்லுக்கு 0.15 மி.மீ ஃபீட், ஆழம் 3 மி.மீ. இந்த ஸ்டீலை வெட்டத் தேவையான விசையைச் சதுர மி.மீக்கு 2,500 நியூட்டன் என்று வைக்கிறோம். பெல்ட், பேரிங் இழப்புக்கு 20 சதவீதம் கழிக்கிறோம்.

63 மி.மீ கட்டர், 5 பல், 40 மி.மீ அகலம்: சுற்று 707, டேபிள் ஃபீட் நிமிடத்துக்கு 530 மி.மீ, எடுக்கும் உலோகம் நிமிடத்துக்கு 63.6 கன செ.மீ. வெட்டும் பவர் 2.65 கிலோவாட். 7.5-க்கு முன்னால் இது சிறிதாகத் தெரியும். ஆனால் டார்க் 36 நியூட்டன் மீட்டர், இழப்பைச் சேர்த்தால் 45. மெஷினிடம் இருப்பதே 48. ஸ்பிண்டில் 94 சதவீதச் சுமையில் ஓடுகிறது.

40 மி.மீ கட்டர், 4 பல், 26 மி.மீ அகலம்: சுற்று 1,114, டேபிள் ஃபீட் 668 மி.மீ, எடுக்கும் உலோகம் 52 கன செ.மீ. டார்க் 18.6, இழப்பைச் சேர்த்து 23. மெஷினின் சுமை 49 சதவீதம்.

எடுக்கும் உலோகத்தில் 18 சதவீதம்தான் குறைந்தது. ஸ்பிண்டில் மேலுள்ள முறுக்கு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. முனையின் வேகம் இரண்டிலும் ஒன்றே என்பதால் இன்சர்ட் ஆயுளும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அலமாரியில் பெரிய கட்டர் இருக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள். கணக்கு 70 சதவீத டார்க்கைத் தாண்டினால் ஒரு அளவு சிறிய கட்டருக்கு இறங்குங்கள்.

கணக்குக்குத் தேவையான மூன்று வரிகள்: சுற்று = 1,000 × வேகம் ÷ (3.1416 × விட்டம்). டேபிள் ஃபீட் = சுற்று × பற்கள் × பல்லுக்கான ஃபீட். பவர் = ஆழம் × அகலம் × டேபிள் ஃபீட் × வெட்டு விசை ÷ 6 கோடி. எல்லா நீளமும் மி.மீட்டரில், வேகம் மட்டும் மீட்டரில், விடை கிலோவாட்டில்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுவாக மோட்டார்களின் மதிப்பீடு 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் பொருந்தும். காற்று மெலிந்த இடத்தில் விசிறி அதே அளவு சூட்டை எடுக்காது. நீண்ட ரஃபிங்கில் (முதல் முரட்டு வெட்டில்) 70 சதவீதத்துக்குப் பதில் 60-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. பல்லுக்கான ஃபீடை முடிவு செய்து, அதன்பின் அதைத் தொடாதீர்கள்

கார்பைடு முனை முழுக் கூர்மையாக இருக்காது. அதன் நுனியில் சிறிய உருட்டு இருக்கும். சீவலின் தடிமன் அந்த உருட்டைவிடக் குறைந்தால் முனை வெட்டாது, உரசும். உரசினால் சூடு ஏறும், சூட்டில் 316-உம் இன்கோனலும் இறுகும், அடுத்த பல் இன்னும் கடினமான பரப்பில் மோதும். ஃபீட் குமிழை 50 சதவீதத்துக்கு இறக்கி மெஷினைக் காப்பாற்ற நினைப்பவர்கள் உண்மையில் செய்வது இதைத்தான்.

தொடக்க எண்கள்: இன்சர்ட் கட்டரில் இஎன் 19, இஎன் 24-க்குப் பல்லுக்கு 0.12 முதல் 0.20 மி.மீ, 316-க்கும் டூப்ளெக்ஸுக்கும் 0.10 முதல் 0.15, டைட்டானியத்துக்கு 0.10 முதல் 0.15, இன்கோனலுக்கு 0.08 முதல் 0.12. 12 மி.மீ சாலிட் கார்பைடில் 0.04 முதல் 0.07. இன்சர்ட் பெட்டியில் எழுதிய எல்லை இதிலிருந்து வேறுபட்டால் பெட்டியைப் பின்பற்றுங்கள்.

அகலம் விட்டத்தில் பாதிக்குக் கீழே இறங்கினால் சீவல் மெலிகிறது. இதை மறந்தால் மேலே உள்ள எண்கள் பயனற்றவை. அகலம் விட்டத்தில் 10 சதவீதம் என்றால், சீவலின் அதிகபட்சத் தடிமன் நீங்கள் போட்ட ஃபீடில் 60 சதவீதம்தான். 5 சதவீத அகலத்தில் 44 சதவீதம். 16 மி.மீ கட்டரில் 1.6 மி.மீ அகலம் எடுக்கிறீர்கள், 0.06 மி.மீ சீவல் வேண்டும் என்றால் ஃபீடை 0.10 என்று போட வேண்டும். 45 டிகிரி ஃபேஸ் மில்லிலும் சீவல் 0.7 மடங்காக மெலியும்.

சுமை அதிகம் என்று தெரிந்தால் ஆழத்தையோ அகலத்தையோ குறையுங்கள். பல்லுக்கான ஃபீட் அப்படியே இருக்கட்டும்.

7. அகலம், ஆழம், நுழையும் விதம்

ஃபேஸ் மில்லில் அகலம் விட்டத்தில் 65 முதல் 70 சதவீதம். கட்டரின் நடுவை ஜாபின் நடுவோடு சேர்க்காமல் ஒரு பக்கம் தள்ளி வையுங்கள். நடுவில் வைத்தால் விசை இரு பக்கமும் மாறி மாறி அடிக்கும், ஸ்பிண்டில் அதில் ஆடும்.

எண்ட் மில்லில் டூப்ளெக்ஸ், டைட்டானியம், இன்கோனல் என்றால், ஆழம் அதிகமாகவும் அகலம் 8 முதல் 12 சதவீதமாகவும் வைக்கும் வழிதான் இந்த அளவு மெஷின்களுக்குப் பொருந்தும். பக்கவாட்டு விசை குறையும். முனைக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஆறிக்கொள்ள நேரம் கிடைக்கும். நுனி மட்டும் தேயாமல் கட்டரின் முழு நீளமும் உழைக்கும்.

நேராக ஜாபுக்குள் பாயாதீர்கள். வில் போல வளைந்து நுழையும்படி புரோகிராம் எழுதுங்கள், அப்போது ஒவ்வொரு பல்லும் தடிமனில் தொடங்கி மெலிந்து வெளியேறும். நேராகத்தான் நுழைய வேண்டும் என்றால், கட்டர் முழுதாக உள்ளே போகும்வரை ஃபீடைப் பாதியாக வையுங்கள். ஃபீடைக் குறைக்கலாம் என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

பாக்கெட் மூலையில் கட்டர் இரண்டு சுவரை ஒரே நேரத்தில் தொடும், சுமை சட்டென்று ஏறும். மூலையின் ஆரம் 10 மி.மீ என்றால் 20 மி.மீ கட்டரைத் தேடாதீர்கள். 16 அல்லது அதற்கும் சிறியதை எடுத்து மூலையைச் சுற்றி வரச் செய்யுங்கள்.

8. கடைசியாக வேகம்

கோட்டிங் உள்ள கார்பைடுக்கு, நிமிடத்துக்கு மீட்டரில், பாதுகாப்பான தொடக்கம்:

இஎன் 19, இஎன் 24, டி கண்டிஷன்: 120 முதல் 160.
316: 100 முதல் 140.
டூப்ளெக்ஸ் 2205: 70 முதல் 110.
500 பிரினெல் தேய்மானத் தகடு: 60 முதல் 100.
டைட்டானியம் 6-4: 40 முதல் 60.
இன்கோனல் 718: 25 முதல் 40.

நடு எண்ணில் தொடங்குங்கள். கட்டர் நீட்டம் விட்டத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் கீழ் எண்ணில். 316-ஐ மட்டும் ரொம்பவும் இறக்காதீர்கள். வேகம் போதாவிட்டால் உலோகம் முனையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்ந்து போகும்போது கோட்டிங்கையும் சேர்த்துக்கொண்டு போகும்.

கூலன்டைப் பற்றிச் சுருக்கமாக. இஎன் 24 ரஃபிங்கில் இன்சர்ட் கட்டருக்குக் கூலன்ட் வேண்டாம், காற்று அடியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சூடாகி உடனே குளிரும் முனையில் சீப்புப் பல் போல வெடிப்பு விழும். டைட்டானியத்துக்கும் இன்கோனலுக்கும் நேர் எதிர்: 8 முதல் 10 சதவீதக் கூலன்டை நிறையக் கொட்டுங்கள், வெட்டு நடக்கும்போது நிறுத்தவே கூடாது. டைட்டானியத்தின் மெல்லிய சீவல் தீப்பிடிக்கும். அதன் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகத் தீக்கான டி வகைத் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், அன்றன்றைய சீவலை அன்றே அகற்றுங்கள்.

9. முதல் வெட்டைக் காதால் கேளுங்கள்

ஸ்பிண்டிலை 15 நிமிடம் படிப்படியாகச் சுற்ற விட்டுச் சூடேற்றிய பின் வெட்டத் தொடங்குங்கள். குளிர்ந்த பேரிங்கில் கிரீஸ் சீராகப் பரவியிருக்காது.

புது முனையோடு முதல் 50 மி.மீ வெட்டியதும் லோட் மீட்டர் காட்டும் சதவீதத்தை நோட்டில் எழுதுங்கள். இதுதான் அந்த வேலையின் அடிப்படை எண். ஐந்தாம் படியில் கணக்கிட்ட எண்ணிலிருந்து ரொம்ப விலகினால் எங்கோ தவறு இருக்கிறது. கடினம் வேறாக இருக்கலாம், கட்டர் நீட்டம் மாறியிருக்கலாம், அகலம் தவறாகப் பதிவாகியிருக்கலாம்.

சீரான உறுமல் பிரச்சினை இல்லை. கூர்மையான ஊளையும், வெட்டிய பரப்பில் வரிவரியான அலையும் வந்தால் அது சாட்டர். மெஷினைக் கொல்வதில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே ஜாபை முடித்துவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். முதலில் சுற்றை 10 முதல் 15 சதவீதம் மாற்றுங்கள். குறைத்தால்தான் நிற்கும் என்று இல்லை, பல சமயம் ஏற்றினால் நிற்கும். நிற்காவிட்டால் ஆழத்தைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நான்காம் படிக்குத் திரும்பி நீட்டத்தைக் குறையுங்கள், அல்லது பற்களின் இடைவெளி சமமில்லாத கட்டரை மாட்டுங்கள்.

10. தேய்ந்த முனையைப் படியுங்கள்

லென்ஸில் பார்க்காமல் இன்சர்ட்டைத் திருப்பிப் போடாதீர்கள். முனையின் பக்கவாட்டில் சீரான பட்டை போலத் தேய்ந்திருந்தால் எல்லாம் சரி. அது 0.3 மி.மீ ஆனதும் மாற்றுங்கள், டைட்டானியத்தில் 0.2-லேயே. அதற்கு மேல் ஓட்டினால் மிச்சமாவது ஒரு முனையின் விலை, ஏறுவது ஸ்பிண்டிலின் சுமை.

முனை மழுங்கி உருகியது போல இருந்தாலோ மேல்பரப்பில் குழி விழுந்திருந்தாலோ வேகம் அதிகம். உலோகம் ஒட்டியிருந்தால் வேகம் குறைவு. வெட்டு ஆழத்தின் கோட்டில் மட்டும் ஒரு வெட்டுக்காயம் இருந்தால், 316-இலும் இன்கோனலிலும் வரும் பள்ளத் தேய்மானம் அது. வேகத்தைத் தொடாமல் ஒவ்வொரு பாஸிலும் ஆழத்தை மாற்றுங்கள்: 2.5, பிறகு 2.0, பிறகு 1.5. முனை துணுக்குத் துணுக்காக உதிர்ந்திருந்தால் அது அதிர்வு. வேகத்தை மாற்றிப் பயனில்லை, பிடிப்பைப் பாருங்கள்.

லோட் மீட்டர் அடிப்படை எண்ணைவிட 20 முதல் 25 சதவீதம் ஏறினால் வெட்டை முடித்துவிட்டு முனைகளை மாற்றுங்கள். 49 சதவீதத்தில் தொடங்கிய வேலை 60-ஐத் தொடும் இடம் அது. மாற்றும்போது எல்லா இன்சர்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் புதியது அதிகம் வெட்டும். இருக்கையைத் துடைத்து, பெட்டியில் எழுதிய டார்க்கில் இறுக்குங்கள்.

11. வேகத்தை ராண்டில் சரிபாருங்கள்

வேலை சீராக ஓடத் தொடங்கிய பிறகே இந்தக் கணக்கு. ஒரு முனைத் தொகுதி எத்தனை நிமிடம் வெட்டினால் மொத்தச் செலவு குறைவு? கார்பைடுக்கு: 3 × (மாற்றும் நேரம் + முனைத் தொகுதியின் விலை ÷ மெஷினின் நிமிடச் செலவு).

மெஷினுக்கு மணிக்கு 480 ராண்ட், அதாவது நிமிடத்துக்கு 8 ராண்ட் என்று வைப்போம். நான்கு முனை உள்ள 160 ராண்ட் இன்சர்ட் நான்கு: ஒரு தொகுதி முனை 160 ராண்ட், 20 மெஷின் நிமிடத்துக்குச் சமம். மாற்ற 5 நிமிடம். 3 × 25 = 75 நிமிடம். உங்கள் கடையின் எண்களைப் போட்டு இதைத் திரும்பச் செய்யுங்கள்.

140 மீட்டரில் முனை 40 நிமிடத்தில் தேய்ந்தால், 75 நிமிடம் வர வேகத்தை 15 சதவீதம் இறக்கினால் போதும்: 120 மீட்டர். பயந்துபோய் 80-க்கு இறக்குபவர்கள் முனையில் மிச்சம் பிடித்த காசை மெஷின் மணியில் இழக்கிறார்கள்.

அவசர வேலைக்குக் கணக்கு மாறும். சர்க்கரை ஆலைகள் அரைப்பை நிறுத்திப் பழுது பார்க்கும் கோடை மாதங்களில் மெஷின் நேரம்தான் விலை உயர்ந்தது. அப்போது முனை விலையை விட்டுவிட்டு மாற்றும் நேரத்தை மட்டும் எடுத்தால் 15 நிமிடம் வரும். வேகத்தை அந்தப் பக்கம் ஏற்றலாம், முனை சீக்கிரம் போகும், அது தெரிந்தே கொடுக்கும் விலை. பல்லுக்கான ஃபீட், ஆழம், அகலம் மூன்றையும் ஏற்றாதவரை டார்க் ஏறக்குறைய அதேதான், ஸ்பிண்டில் தாங்கும். அவசரத்தில் ஆழத்தை இரட்டிப்பவர்களுக்கு ஸ்பிண்டில் தாங்காது.

12. வெட்டின் நடுவில் கரன்ட் போனால்

லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரன்டை நிறுத்துவது) அட்டவணை இருக்கும் நாளில் நீண்ட ரஃபிங் பாஸைத் தொடங்கும் முன் நேரம் பாருங்கள். புரோகிராமை 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் கட்டரை மேலே தூக்கி முடியும்படி எழுதுங்கள். அட்டவணை இல்லாத நாளிலும் ஏரியா கரன்ட் போகத்தான் செய்கிறது, அதனால் இதை எப்போதுமே செய்வது நல்லது.

கட்டர் ஜாபுக்குள் நின்றுவிட்டால், கரன்ட் வந்ததும் சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தாதீர்கள். ஸ்பிண்டிலையும் சுற்றாதீர்கள். பல் உலோகத்துக்குள் கடித்தபடி நிற்கிறது, சுற்றினால் உடையும், அந்த அடி பேரிங் வரை போகும். ஹேண்டில் மோடில் 0.01 மி.மீ படியாக, வெட்டாத திறந்த பக்கம் நோக்கிக் கட்டரை விலக்குங்கள். முழுதாக விலகிய பின் மேலே தூக்குங்கள். ஹோம் எடுக்கச் சொல்லும் மெஷினாக இருந்தால் அதற்குப் பிறகே எடுங்கள்.

அந்த முனைகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், நுண்ணிய வெடிப்பு வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஜாபின் சுழியத்தைத் தொட்டுச் சரிபார்த்து, ஸ்பிண்டிலைப் பத்து நிமிடம் சூடேற்றி, நின்ற இடத்துக்கு 5 மி.மீ பின்னாலிருந்து வெட்டைத் தொடங்குங்கள். லோட் மீட்டர் பழைய அடிப்படை எண்ணுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஹோல்டரைக் கழற்றி ஓட்டத்தை மறுபடி அளங்கள்.